படத்தில் தெரியாத பாம்பு

2023 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடந்த பெட்டிகளைச் சுங்கத் துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே 72 பாம்புகள். அதில் 17 ராஜநாகங்கள், மீதி 55 பால் பைத்தான்கள். கூடவே ஆறு கப்புச்சின் குரங்குகள், அவை செத்துப்போயிருந்தன. செய்தியைப் படித்த எல்லோரும் ராஜநாகத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அந்த 55தான் உறுத்தியது. அவை ஒரே மாதிரி இல்லை, வெவ்வேறு நிறங்கள் என்று செய்தியிலேயே இருந்தது. வெறும் பாம்பு போதும் என்றால் ஒரே நிறத்தில் அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். நிறம் பார்த்து வாங்க ஆள் இருந்தால்தான் இப்படி ரகம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு. மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் உருவத்தை நினைக்க வேண்டாம். நான்கு, ஐந்து அடிதான் வளரும். பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடந்து இரவில் வெளியே வரும். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்; பெயரில் உள்ள 'பால்' அந்தப் பந்துதான், குடிக்கிற பால் இல்லை. விஷம் கிடையாது, கடிப்பதும் அபூர்வம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் இதைப் பிடித்தும், சினைப் பாம்புகளிடம் முட்டை எடுத்துப் பொரிக்க வைத்தும் பல பத்தாண்டுகளாக ஏற்றுமதி செய்கிறார்கள். காட்டில் அதன் நிறம் கருப்பும் பழுப்பும். புற்றுக்குள் குடியிருப்பதற்கு அது தாராளம்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது லிங்கராஜபுரத்தில் இருக்கும் ஒரு நண்பரால். பூர்வீகம் ஆம்பூர், மூன்று தலைமுறையாக பெங்களூர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், 'அண்ணா' என்று கூப்பிடுவார். வீட்டின் பின்னறையில் ரேக் போட்டு, அதில் டப்பா டப்பாவாகப் பால் பைத்தான் வளர்க்கிறார். அவருடைய அம்மா போட்ட ஒரே நிபந்தனை: "பாம்பை வச்சுக்கோ. என் ஃப்ரிட்ஜுல எலியை வைக்காதே." அதனால் பால்கனியில் தனியாக ஒரு குட்டி ஃப்ரீசர், அதற்கு ஒரு பூட்டு. விருந்தாளி யாராவது ஐஸ்கிரீம் தேடித் திறந்துவிடக் கூடாது அல்லவா.

அவர் முதலில் காட்டியது ஒரு அல்பினோ. வெள்ளையில் கெட்டி மஞ்சள், சிவந்த கண். வெள்ளைதானே அல்பினோ, மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டேன். நமக்கும் மற்றப் பாலூட்டிகளுக்கும் தோலில் நிறம் தருவது பெரும்பாலும் மெலனின்தான். பாம்புக்கு அப்படி இல்லை. கருப்புக்கு ஒரு வகைச் செல், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இன்னொரு வகை, ஒளியைச் சிதறடித்து மினுக்க மூன்றாவது வகை. அல்பினோவில் மெலனின் மட்டும்தான் கழன்றுபோகிறது; அதுவரை கருப்பு அமுக்கி வைத்திருந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. மஞ்சள் மட்டும் இல்லாமல் பிறப்பதற்கு ஆக்ஸாந்திக் என்று பெயர். அது கருப்பு வெள்ளைப் படம் மாதிரி சாம்பலில் இருக்கும். இரண்டு குறையும் ஒரே பாம்பில் சேர்ந்தால் கிட்டத்தட்ட வெள்ளை. அதற்கு ஸ்னோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் புதுநிறம் என்று விற்பதில் பலவும் இப்படித்தான்: ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்த நிறம்.

நிறத்துக்காகப் பாம்பை இணை சேர்க்கும் இந்தப் பழக்கம் பால் பைத்தானில் தொடங்கவில்லை. 1953ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு அல்பினோ கார்ன் ஸ்னேக் பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டல் என்பவர் அதை வைத்துக் கலப்பு செய்து, இந்த நிறம் பத்தாம் வகுப்பில் படித்த மெண்டலின் பட்டாணிக் கணக்குப்படியே இறங்குகிறது என்று 1960களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அவர் தொழிலால் தோல் மருத்துவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். பால் பைத்தானில் அல்பினோவை முதன்முதலாக வீட்டில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டியவர் பாப் கிளார்க், 1992ல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பைபால்ட் வந்தது. பைபால்டை நேரில் பார்த்தால், பெயிண்டர் பாதிச் சுவர் அடித்துவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி இருக்கும்: கொஞ்ச தூரம் கோலம் போட்ட பழுப்பு, திடீரென்று வெறும் வெள்ளை, மறுபடி பழுப்பு. அதற்குக் காரணமான டிஃபெக் என்ற ஜீனை 2023ல்தான் கண்டுபிடித்தார்கள். அல்பினோவின் ஜீனைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கையாண்ட வழி இன்னும் அழகு. பாம்பு வளர்ப்பவர்களிடம் பாம்புச் சட்டையை வாங்கி, அதிலிருந்தே டிஎன்ஏ எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் பாம்புச் சட்டை கிடைத்தால் பூஜையறையில் வைப்போம், இல்லாவிட்டால் பயந்து கொளுத்துவோம்.

சரி, கணக்குக்கு வருவோம். அல்பினோ ஒடுங்கிய பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் வந்தால்தான் தோலில் தெரியும். ஒரு பிரதி மட்டும் இருக்கும் பாம்பு பார்ப்பதற்குக் காட்டுப் பாம்பு மாதிரியே இருக்கும்; அதை 'ஹெட்' என்கிறார்கள். இரண்டு ஹெட்களை இணைத்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பால் பைத்தான் போடுவதே ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு முட்டை. ஆறு முட்டையிலும் ஒரு அல்பினோகூட வராமல் போவதற்குச் சுமார் 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஸ்னோ வேண்டும் என்றால் பதினாறில் ஒன்று. ஆறு முட்டையில் ஒன்றும் வராமல் போக 68 சதவீதம். மூன்று ஒடுங்கிய பண்பைச் சேர்க்க நினைத்தால் அறுபத்து நான்கில் ஒன்று. பெண் பாம்பு சுமார் ஒன்றரைக் கிலோ எடைக்கு வந்து முட்டை போடத் தயாராக மூன்று வருடம்போல ஆகும். ஆக, ஒரு நிறத்தை மனதில் வைத்துத் தொடங்கினால் கையில் பார்க்க ஏழெட்டு வருடம். ஐடி கம்பெனியில் மூன்று வேலை மாறிவிடலாம்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரே ஒரு அல்பினோ ஆண்தான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் ஹெட். அதில் ஒரு பெண் குட்டியை வளர்த்து அப்பனோடே இணைத்தால் பாதிக்குப் பாதி அல்பினோ. மாமன் மகள், அக்கா மகள் என்று முறை பார்த்துக் கட்டி வைத்த ஊர்க்காரர்கள்தான் நாம், ஆனாலும் இதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. நண்பர் சொல்வது: ஒரு தலைமுறைக்கு இதைப் பாம்பு தாங்கும், அதோடு நிறுத்தி வெளி ரத்தம் கலந்துவிட வேண்டும். கலக்கிறார்களா என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. குட்டியின் நிறம் படத்தில் பளிச்சென்று இருக்கும். அதன் அப்பாவும் தாத்தாவும் ஒரே பாம்பு என்பது படத்தில் இருக்காது.

ஹெட் என்று சொல்லி விற்பதும் இதே கதைதான். இரண்டு ஹெட்களுக்குப் பிறந்த குட்டிகளில் சாதாரணமாகத் தெரிபவற்றில் மூன்றுக்கு இரண்டு ஹெட்டாக இருக்கும். எது அந்த இரண்டு என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் அத்தனையையும் '66 சதவீத ஹெட்' என்று எழுதி விற்பார்கள். அந்தச் சதவீதம் பாம்பைப் பற்றியது இல்லை, விற்பவரின் நாணயத்தைப் பற்றியது. பொய் சொல்லியிருந்தால் மூன்று வருடம் எலி போட்டு வளர்த்து, இணை சேர்த்து, முட்டை பொரிந்த பிறகு தெரிய வரும். அதற்குள் அவர் எண்ணை மாற்றியிருப்பார்.

நண்பரின் வீட்டில் இந்த வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மார்கழிக் குளிரில் அறையின் சூட்டைக் கொஞ்சம் குறைத்து ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டார். அவர் அம்மாவுக்கு ஒரு சந்தேகம்: நல்ல பாம்பும் சாரையும்தானே பிணையும், இது என்ன ஒரே ஜாதியில்? என் பாட்டியும் இதைத்தான் சொல்வார்கள். உண்மையில் வயலில் நாம் பார்க்கும் பிணையல் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. ஆனால் பாட்டிகளை முழுக்க ஒதுக்கவும் முடியாது. வெளிநாட்டில் கார்ன் ஸ்னேக்கையும் கிங் ஸ்னேக்கையும் கலந்திருக்கிறார்கள், பால் பைத்தானை ஆஸ்திரேலியாவின் கார்பெட் பைத்தானோடுகூடச் சேர்த்திருக்கிறார்கள். காடு செய்யாததை ஹாபிக்காரர்கள் செய்துவிடுகிறார்கள்.

ஆறு முட்டை. தாய் அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. மெல்லப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோழி முட்டையைப் போலப் பாம்பு முட்டையைப் புரட்டக் கூடாது, உள்ளே கரு செத்துவிடலாம். 31, 32 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்தால் சுமார் இரண்டு மாதம். இருட்டில் டார்ச் அடித்தால் ஓட்டுக்குள் சிவப்பு நரம்பு தெரியும். அதைப் பார்த்த அன்று அம்மாவே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார், ஏதோ மருமகளுக்கு ஸ்கேன் எடுத்த மாதிரி. முட்டையைக் கீறி மூக்கை நீட்டும்போதுதான் என்ன நிறம் என்று தெரியும். இரண்டு அல்பினோ, நான்கு சாதாரணம்.

இந்த நான்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஸ்பைடர்.

ஸ்பைடர் என்பது 1999ல் அமெரிக்காவில் நிலைநிறுத்தப்பட்ட ஒரு மார்ஃப். இப்படி நிறமோ கோலமோ மாறிய ரகத்துக்குத்தான் மார்ஃப் என்று பெயர். வெளிர் மஞ்சள் உடம்பில் சிலந்தி வலை போல மெல்லிய கருங்கோடுகள். அல்பினோ மாதிரி இரண்டு பிரதி தேவையில்லை, ஒன்று போதும். அதாவது ஒரு ஸ்பைடரும் ஒரு சாதாரணப் பாம்பும் சேர்ந்தாலே பாதிக் குட்டிகள் ஸ்பைடர். வேறு மார்ஃப்களோடு கலந்தால் அருமையான கோலங்கள் கிடைக்கும். அதனால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதன் தலை ஆடும். சிலதில் லேசாக, சிலதில் எலியைக் கொத்தப் போனால் ஒரு சாண் தள்ளி விழும் அளவுக்கு. சிலது தலைகீழாகத் திரும்பி எது மேல் எது கீழ் என்று தெரியாமல் திருகும். ஹாபிக்காரர்கள் இதற்கு 'வாபிள்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். நல்லா சாப்பிடுது, முட்டை போடுது, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2022ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஸ்பைடர் பாம்பின் மண்டையை நுண் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உட்காதின் அமைப்பே கோணலாக இருக்கிறது என்று காட்டினார்கள். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் உறுப்பு அது. கருவில் நிறச் செல்கள் உருவாகும் 'நரம்பு முகடு' என்ற பகுதியிலிருந்துதான் வேறு பல உறுப்புகளுக்கான செல்களும் கிளம்புகின்றன. ஆகவே கோலத்தை மாற்றும் ஜீன் காதையும் மாற்றுவது பெரிய ஆச்சரியம் இல்லை. கோலத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் கழித்துவிடலாம் என்று இருபது வருடமாக முயன்றும் முடியாமல் போனது அதனால்தான். இரண்டு ஸ்பைடர்களை இணைத்தால் இரட்டைப் பிரதி வாங்கிய குட்டி பிழைப்பதே இல்லை என்றுதான் வளர்ப்பவர்களே சொல்கிறார்கள். பாம்புக்கு மட்டும் இல்லை. சிறுத்தைப் பல்லியில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்று ஒரு மஞ்சள் வெள்ளை மார்ஃப் உண்டு. அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் தோல் கட்டி வருகிறது என்றும், நிறத்துக்கும் கட்டிக்கும் ஒரே ஜீன் காரணம் என்றும் 2021ல் வந்த ஆய்வு சொல்கிறது.

மார்ஃப் வளர்ப்பே பாவம் என்று நான் சொல்லவில்லை. அல்பினோ பால் பைத்தான் டப்பாவுக்குள் சுகமாகவே இருக்கிறது. காட்டில் இருந்தால்தான் பருந்து கண்ணில் முதலில் படும். பைபால்டுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்பைடரை இன்னும் இணை சேர்ப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாக ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கண்ணும் நம்முடையது. பாம்பு இணையைத் தேடுவது மணத்தை வைத்து, இரையைத் தேடுவது மணத்தையும் உதட்டோரக் குழிகளில் தட்டும் சூட்டையும் வைத்து. தன் மேல் வலை வரைந்திருக்கிறதா, வெள்ளை அடித்திருக்கிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நண்பருக்கும் எனக்கும் இதில் வாக்குவாதம் நடந்தது. அவரிடமும் ஒரு ஸ்பைடர் கலப்புப் பெண் இருந்தது, ஆரம்பத்தில் தெரியாமல் வாங்கியது. ஃபோனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் வாங்கினாராம். படத்தில் எப்படி ஆடும்? "இனிமே ஜோடி சேர்க்க மாட்டேன்ணா. ஆனா இதை என்ன பண்றது, வெளிய விடவா முடியும்?" என்றார். முடியாது. அது 20, 30 வருடம் வாழக்கூடிய பிராணி. ஃபிலடெல்ஃபியா உயிரியல் பூங்காவில் ஒன்று 47 வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. 2020ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பூங்காவில் அறுபது தாண்டிய ஒரு கிழவி, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண் வாடையே இல்லாமல் ஏழு முட்டை போட்டாள். நிறம் பார்த்து வாங்குகிற இருபத்தைந்து வயதுப் பையன் தன் மகள் கல்யாணம் வரைக்கும் அதற்கு எலி வாங்கிப் போட வேண்டும்.

இனி சட்டம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. நம்மூர் மலைப்பாம்பு, நல்ல பாம்பு, சாரை மூன்றும் இப்போது முதல் அட்டவணையில். வெளிநாட்டுப் பாம்புகள் நீண்ட காலம் இதில் வராமல் தப்பின. விமான நிலையத்தைத் தாண்டிவிட்டால் கேட்க ஆள் இல்லை. 2020ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாக அறிவித்தால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. என் நண்பர் அப்போது பதிந்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பதிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்பது இன்றும் சண்டைக்குரிய விஷயம். கடத்தியதையும் வெள்ளையாக்கிவிட்டது என்பது என் எண்ணம். 2022ல் சட்டத்தைத் திருத்தி, காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் (சைட்டிஸ்) உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். பால் பைத்தான் அதில் வருகிறது. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி பிறந்தால், செத்தால், கைமாறினால் தெரிவிக்க வேண்டும்.

ஆக, லிங்கராஜபுரத்தில் பிறந்த அந்த ஆறு குட்டிகளுக்கும் அரசாங்கக் கணக்கில் பெயர் உண்டு. சிவாஜிநகர் பக்கம் துணிப்பைக்குள் வைத்துக் கைமாறும் குட்டிக்குக் கிடையாது. இரண்டையும் படம் பிடித்து அனுப்பினால் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டாவதுதான் விலை குறைவு, நிறமும் எப்போதும் புதுசு. ஏனென்றால் தாய்லாந்தில் ஏழெட்டு வருடம் காத்திருந்தவரின் உழைப்பு பெட்டியில் ஏறி ஒரே ராத்திரியில் வந்துவிடுகிறது.

இப்போது அந்த நான்கு சாதாரணக் குட்டிகள். மார்ஃப் வளர்ப்பில் யாரும் பேசாத பாதி இது. நிறத்துக்காக நடக்கும் ஒவ்வொரு ஈட்டிலும் நிறமில்லாதவை பிறந்தே தீரும், கணக்கே அப்படி. ஹெட் ஜோடி என்றால் நான்கில் மூன்று. அமெரிக்காவில் இவை அடிமாட்டு விலைக்குப் போகும். இங்கே அந்த விலைக்கும் போகாது. ஆனால் அல்பினோ தின்னும் அதே எலியைத்தான் இதுவும் தின்கிறது, அதே ஹீட் பேடுக்குத்தான் கரண்ட் பில் வருகிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நான்கில் ஒன்றுதான் பிடித்திருந்தது. கருப்புக்கு நடுவில் பழுப்புத் தீவுகள், ஒவ்வொரு தீவிலும் கண் மாதிரி இரண்டு புள்ளி. யாரும் வரைந்து கொடுக்காத கோலம். கையில் வைத்தால் விரல் இடுக்கில் தலையை நுழைத்துக்கொள்கிறது. எடுத்துட்டுப் போங்கண்ணா, நானே ஆன்லைன்ல பதிவை உங்க பேருக்கு மாத்திக் குடுக்கறேன் என்று நண்பர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வீட்டில் கேட்டேன். "அந்தப் பாம்பு உள்ள வந்தா நான் ஈரோடு போயிடுவேன்" என்று பதில் வந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது.

நண்பர் இப்போது விற்பனை முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். படம் அனுப்புவதில்லை, வீடியோதான். குட்டி நிமிர்ந்து ஊர்வது, எலியை முதல் கொத்திலேயே பிடிப்பது, மல்லாக்கப் புரட்டினால் உடனே திரும்பிக்கொள்வது. நரம்புக் கோளாறு இருந்தால் இந்தக் கடைசியில் மாட்டிக்கொள்ளும். கூடவே அப்பா அம்மா யார், எந்த வருடம் பிறந்தது, பதிவு விவரம் எல்லாம் எழுதி அனுப்புகிறார். போன வாரம் ஒருவருக்கு இப்படி நாலு நிமிட வீடியோ போனது. நாங்கள் இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தோம். வந்தது: "இதைவிட மஞ்சள் அதிகமா வேற ஏதாவது இருக்கா சார்?"